கிருபையினால் வாழ்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்

வாசிக்க வேண்டிய திருமறைப் பகுதிகள்: மத்தேயு 20:1–16, லூக்கா 13:1–5, ரோமர் 3:21–4:12, கலாத்தியர் 2:11–21, எபேசியர் 2:8–10, பிலிப்பியர் 3:4–9, யாக்கோபு 2:14–26



இவ்வலகை ஆரம்பிக்க முன் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மனிதரின் தகுதியைப் பாராது கடவுள் அவர்களுக்குக் காட்டும் தயவே கிருபை எனப்படும். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குக் 'காரிஸ்' என்னும் சொல் வழங்குகின்றது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபையினர் கிருபை என்பர். கத்தோலிக்கர் அருள் என்பர். கிரியை, செயல் என்பனவும் அவ்வாறே. விடையில் எச்சொல்லைப் பயன்படுத்தினாலும் பிழையில்லை. ஆனால் ஒரே விடையில் இரண்டையும் மாறிமாறி எழுதிக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

வரைவிலக்கணத்தை மனனம் செய்வது இலகு. அதனை நம்புவதுதான் கடினம். காரணம் நாம் வளரும் சூழல். முதலாந் தரத்திலிருந்தே புள்ளி, தவணை அறிக்கை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், இப்போது சாதாரண தரம் என்று எல்லாம் கணக்கிலேயே நடக்கின்றன. எனவே கடவுளும் புள்ளிப் புத்தகம் வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் என்றும், ஆலயத்திற்குப் போனால் இத்தனை, பொய் சொன்னால் கழிவு இத்தனை என்றும் நாம் அறியாமலே எண்ணத் தொடங்கி விடுகிறோம். (இப்பாடத்தில் சித்தியடைய நீங்கள் உழைத்தே ஆக வேண்டும். பரீட்சைத் திணைக்களம் கிருபையினால் சித்தி வழங்குவதில்லை. அது வேறு விடயம்.)

கூலி வாங்கிய வேலையாட்கள்

இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை எமது பிரதேசத்தவருக்கு இலகுவில் விளங்கக் கூடியது. திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று வயல்வெளிகளுக்கு வெட்டு இயந்திரம் வருவதற்கு முன்னர் வேளாண்மை வெட்டுக்கு எவ்வாறு ஆள் பிடித்தார்கள் என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திடமான ஆட்களுக்கு விடியற்காலையிலேயே வேலை கிடைத்துவிடும். வயோதிபரும் நோயாளிகளும் ஊருக்குப் புதியவர்களும் கடைசிவரை நிற்பார்கள். உவமையிலும் மாலை ஐந்து மணியளவில் இன்னும் சந்தைவெளியில் நிற்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் சொல்லும் பதில்.

நம்மூர்ப் போடியார் ஒருவர் பொழுது சாயும் வேளையில் அவர்களையும் வயலுக்கு அழைத்து, ஒரு மணித்தியால வேலைக்கு முழுநாட் கூலி கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? உவமையிலும் அதுவே நடக்கின்றது. அக்காலத்தில் ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். அதில்தான் அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். செய்த வேலைக்கு ஏற்பக் கணக்குப் பார்த்து ஒரு சில்லறைக் காசைக் கொடுத்தால் அவனது பிள்ளைகள் பசியோடு படுக்கும். எசமான் அவன் செய்த வேலையை அளக்கவில்லை. அவனுக்கு வேண்டியதைக் கொடுத்தார்.

இவ்வுவமையில் ஒரு நுட்பத்தைப் பல மாணவர்கள் தவற விடுகின்றனர். காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி குறையவே இல்லை. மற்றவர்களைத் தங்களுக்குச் சமமாக்கிவிட்டதே அவர்களது முறைப்பாடு. ஆகவே கிருபை இனிமையான செய்தியென்று எல்லோரும் உடனே ஏற்றுக் கொள்வார்கள் என எண்ண வேண்டாம். நன்றாக உழைத்தவர்களுக்கே அது முதலிற் கசக்கின்றது. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்பதும் இதே காரணத்தினாலேயே (லூக்கா 15:25–32).

பந்தியில் எழுந்த பிரச்சினை

பவுல் அடியார் பெரிய கிரியைக்காரராக இருந்தவர். எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயக் கட்டுப்பாடு, நியாயப்பிரமாணத்தில் குற்றமற்ற நடத்தை எனத் தமது சான்றிதழ்களைப் பிலிப்பியர் 3 ஆம் அதிகாரத்தில் அவரே வரிசைப்படுத்திவிட்டு, கிறிஸ்துவின் நிமித்தம் அவை யாவற்றையும் நட்டமென்று தள்ளி விடுகிறார்.

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனை ஒரு நூலகத்தில் இருந்து எழுதப்பட்ட தத்துவமன்று. கலாத்தியர் நிருபத்தில் அது சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பிக்கின்றது. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக இருந்து உணவருந்தி வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக் கொண்டார். பர்னபாவும் அவ்வாறே செய்தார். எல்லோர் முன்னிலையிலும் பவுல் பேதுருவைக் கண்டித்தார். கடவுள் தம் கிருபையினால் ஏற்றுக் கொண்ட ஒருவரோடு ஒரே பந்தியில் இருக்க மாட்டோமென்றால், கிருபை போதாது, எமது முறைமைகளும் வேண்டும் என்று சொல்வதாகி விடும் என்பதே அவரது வாதம். யாருடைய வீட்டில் தண்ணீர் குடிப்பது, யாரை முற்றத்தோடு நிறுத்துவது என்ற வழக்கங்களை அறிந்த எமது சமூகத்திற்கு இப்பகுதியை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஜோன் வெஸ்லியின் வாழ்க்கை

இவ்வலகிற்கு மிகப் பொருத்தமான வரலாற்று உதாரணம் ஜோன் வெஸ்லி (1703–1791). கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி தினமும் பேருந்தில் போகும் மாணவர்கள்கூட அவர் யாரென்று கேட்டால் 'மெதடிஸ்த சபையைத் தாபித்தவர்' என்ற ஒரு வரியோடு நிறுத்தி விடுகின்றனர். அவரது வாழ்வின் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளைச் சற்று விரிவாக அறிதல் அவசியம்.

அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் போதகர் ஒருவரின் மகன். 1728 இல் குருவாக அபிஷேகம் பெற்றார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் தம்பி சார்ள்ஸ் முதலியோருடன் சேர்ந்து 'பரிசுத்தக் கழகம்' என்று பிறர் கேலியாக அழைத்த சிறு குழுவை நடத்தினார். புதன், வெள்ளி தினங்களில் உபவாசம், அதிகாலைச் செபம், அடிக்கடி திருவிருந்து, சிறைக் கைதிகளையும் ஏழைகளையும் சந்தித்தல். ஆண்டு வருமானம் 30 பவுணாக இருந்தபோது 28 பவுணில் வாழ்ந்து மிகுதியைத் தானம் செய்தார். வருமானம் இரட்டித்தபோதும் அதே 28 பவுணிலேயே வாழ்ந்தார். யாவற்றையும் ஒழுங்குமுறைப்படி செய்தமையால் இக்குழுவினருக்கு ஒட்டிக் கொண்ட பட்டப்பெயரே 'மெதடிஸ்த' என்பது.

அவருடைய நாட்குறிப்பு வியப்பானது. ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன செய்தார் என்று எழுதியதோடு, அந்த மணித்தியாலத்தில் தமது பக்தி எந்நிலையில் இருந்தது என்பதற்கு இலக்கங்களில் புள்ளியும் இட்டார். தன் ஆத்துமாவுக்குத் தானே வினாத்தாள் தயாரித்து, தானே திருத்திய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். இவ்வளவும் செய்தும் சமாதானம் கிடைக்கவில்லை.

1735 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்திற்கு மிஷனரியாகக் கப்பலேறினார். தமது ஆத்துமாவை இரட்சித்துக் கொள்ளும் நம்பிக்கையே தமது முதன்மை நோக்கம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். அதாவது பிறருக்குச் சேவை செய்யப் போனதும் தமது கணக்கை நிரப்பத்தான். கப்பலில் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் சிலரும் இருந்தனர். மற்றவர்கள் செய்ய விரும்பாத சிறு பணிகளை அவர்கள் கூலி பெறாமற் செய்தனர். 1736 சனவரியில் பெரும் புயல் வீசியது. மொராவியர் ஆராதனையில் இருந்தவேளை அலை கப்பலின்மீது பாய்ந்து பிரதான பாய் கிழிந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொராவியரோ பாட்டை நிறுத்தவில்லை. பின்னர் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் பயமாக இருக்கவில்லையா என்று வினவினார். இல்லை என்றார். பெண்களும் பிள்ளைகளும்? அவர்களும் மரணத்திற்குப் பயப்படவில்லை என்று பதில் வந்தது. வெஸ்லிக்கோ மரண பயம் இருந்தது. கடலை நம்பி வாழும் ஊர்களில் இருக்கும் உங்களுக்கு, அந்தக் கேள்வியை ஒரு போதகர் கேட்க நேர்ந்ததன் கனம் புரியும்.

ஜோர்ஜியாவில் ஊழியம் தோல்வியில் முடிந்தது. தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்த பின் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கில் அகப்பட்டு, 1737 டிசெம்பரில் அவ்விடம் விட்டு நீங்கினார். இங்கிலாந்து திரும்பிய பின் பீற்றர் போலர் என்னும் மொராவியப் போதகருடன் பேசி, இரட்சிப்புக்கேற்ற விசுவாசம் தம்மிடம் இல்லையென்பதை ஒப்புக் கொண்டார். 1738 மே 24 ஆம் திகதி மாலை, மனமில்லாமலே இலண்டன் ஒல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு கூட்டத்திற்குப் போனார். அங்கு ரோமர் நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டது. ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில், விசுவாசத்தின் மூலம் கடவுள் இருதயத்தில் உண்டாக்கும் மாற்றம் பற்றிய பகுதியைக் கேட்கும்போது தமது உள்ளம் விநோதமாக அனல் கொண்டதென்றும், கிறிஸ்து ஒருவரையே தாம் நம்புவதை உணர்ந்ததாகவும், தமது பாவங்களையே அவர் நீக்கினார் என்ற நிச்சயம் கிடைத்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். மூன்று நாட்களுக்கு முன் தம்பி சார்ள்சுக்கும் இத்தகைய அனுபவம் கிடைத்திருந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலான விடைகள் 'அன்று முதல் அவர் வாழ்வு மாறியது' என்று முடிந்து விடுகின்றன. அது போதாது. எது மாறியது? அதன் பின்னரும் அவருக்குச் சந்தேகங்கள் வந்தன. சில மாதங்களின் பின் தாம் கிறிஸ்தவனே அல்ல என்றுகூட எழுதினார். அவருடைய கிரியைகளும் குறையவில்லை. அதிகாலையில் எழுந்தார், உபவாசித்தார், சிறைச்சாலைக்குப் போனார். 1739 இல் பிரிஸ்டல் நகருக்கருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் திறந்தவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1746 இல் இலண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்துச்சாலை நடத்தினார். மரிப்பதற்கு ஒருவாரம் முன்னர் எழுதிய கடிதம் அடிமை வியாபாரத்தை எதிர்க்குமாறு வில்பர்போஸ் என்பவரைத் திடப்படுத்தியது. முன்பு செய்தவற்றைவிட அதிகமாகவே செய்தார். மாறியது வரிசை. முன்பு கடவுள் தம்மை ஏற்றுக் கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்தார். பின்பு ஏற்றுக் கொள்ளப்பட்டவராக இருந்து செய்தார். எபேசியர் 2:8–10 வசனங்களிலும் இதே வரிசையைக் காணலாம். 8 ஆம், 9 ஆம் வசனங்கள் இரட்சிப்பு கிருபையினால் வரும் ஈவு, ஒருவரும் பெருமை பாராட்ட இடமில்லை என்கின்றன. 10 ஆம் வசனம் நற்செயல்களுக்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டோம் என்கின்றது. பலர் முதலிரு வசனங்களோடு நிறுத்தி விடுவர். மூன்றையும் சேர்த்தே படிக்கவும்.

வெஸ்லி கிருபையின் செயற்பாட்டை மூன்று நிலைகளாக விளக்கியதையும் அறிந்திருத்தல் நன்று. நாம் கடவுளைத் தேடு முன்பே எம்மில் செயற்படுவது முன்செல்லும் கிருபை. மன்னித்து உறவில் சேர்ப்பது நீதிமானாக்கும் கிருபை. தொடர்ந்து அன்பில் வளரச் செய்வது பரிசுத்தமாக்கும் கிருபை.

சும்மா இருக்கலாமா?

கிருபையே போதுமென்றால் நாம் ஒன்றும் செய்யாதிருக்கலாமே? இக்கேள்வி பவுலின் காலத்திலேயே எழுந்தது (ரோமர் 6:1). வெஸ்லியும் அதனை நேரிற் சந்தித்தார். இலண்டனில் அவர் சேர்ந்திருந்த பெற்றர் லேன் சங்கத்தில் மொராவியப் போதகர் ஒருவர், பூரண விசுவாசம் கிடைக்கும்வரை செபம், திருவிருந்து, நற்செயல் எல்லாவற்றையும் விட்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்று போதித்தார். கிருபையைக் காப்பாற்றப் போய்க் கிருபை வரும் வாய்க்கால்களை அடைக்கிறீர்கள் என்பதே சுருக்கமாக வெஸ்லியின் எதிர்வாதம். 1740 இல் அச்சங்கத்தை விட்டே விலகினார். தமக்கு வழிகாட்டிய மொராவியரோடு முரண்பட அவர் தயங்கவில்லை.

பவுலும் யாக்கோபும் முரண்படுகின்றனரா என்ற வினாவுக்கும் இதுவே வாசல். இருவரும் ஆபிரகாமையே உதாரணங் காட்டுகின்றனர். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15 ஆம் அதிகாரம். ஆபிரகாம் கடவுளின் வாக்கை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் 17 ஆம் அதிகாரத்திற்றான் வருகின்றது. எனவே சடங்குக்கு முன்பே அவர் ஏற்றுக் கொள்ளப்பட்டார் என்பது ரோமர் 4 இன் வாதம். யாக்கோபு எடுத்துக் காட்டுவது 22 ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த சம்பவம். அது பல வருடங்கள் கழிந்த பின் அந்த நம்பிக்கை உயிருள்ளதா என்று வெளிப்பட்ட வேளை. பவுல் மறுப்பது கிரியையை விலையாகக் கொடுப்பதை. யாக்கோபு மறுப்பது வாயளவிலான விசுவாசத்தை. அவ்வளவு விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டென்று அவர் கடுமையாகவே எழுதுகிறார். மாங்காய் காய்ப்பதனால் ஒரு மரம் மாமரம் ஆவதில்லை. மாமரமாக இருப்பதனால் காய்க்கின்றது. அதேவேளை பல பருவம் கண்டும் ஒரு பூக்கூடப் பிடிக்காத மரத்தை வேரோடு பார்க்கத்தான் வேண்டும். மார்ட்டின் லூதர் யாக்கோபின் நிருபத்தைக் குறைவாக மதித்தது உண்மையே. இந்த விடயத்தில் லூதரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

எமது கரைக்கு வந்த செய்தி

வெஸ்லியின் உதவியாளராயிருந்த தோமஸ் கோக், ஆறு இளம் மிஷனரிமாரை இலங்கைக்கு அழைத்து வரப் புறப்பட்டு, 1814 மே மாதத்தில் இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்தார். மிஷனரிமார் அவ்வாண்டு யூன் இறுதியில் காலியை அடைந்தனர். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனைவியும் கடற்பயணத்திலேயே மரித்திருந்தார். அம்பாறை மாவட்டம் 1961 இல் தனியாகப் பிரிக்கப்படும்வரை கல்முனையும் திருக்கோவிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன என்பதை நினைவிற் கொள்க. ஓல்ட் பாடசாலைகளை ஆரம்பித்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814 இலிருந்தே கணக்கிடுகின்றது. ஆனால் அவர் இங்கு ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில் நோயினால் இறந்து போனார்.

புள்ளிப் புத்தகத்தின் கண்கொண்டு பார்த்தால் கோக்கின் பயணமும் ஓல்டின் சில மாதங்களும் பூச்சியத்திற்குச் சற்று மேல். அவர்கள் கடவுளின் தயவைச் சம்பாதிக்க வந்திருந்தால் ஏமாந்தவர்களே. ஏற்கெனவே பெற்றதைப் பகிர வந்தவர்களுக்கு அந்தச் சில மாதங்களே போதுமானவையாயிருந்தன.

பாவத்தின் பலனா?

கிரியைக் கணக்கு வெறும் இறையியல் தவறு மட்டுமன்று, அது மனிதரைக் காயப்படுத்தவும் வல்லது. 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. உங்களிற் பெரும்பாலானோர் அன்று பிறந்திருக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என இக்கரை முழுவதையும் சுனாமி அடித்தது. இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. 10,000 பேருக்கு மேற்பட்டோர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பின் இரண்டு விதமான பேச்சுக் கேட்டது. ஊர் செய்த பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்றனர் சிலர். நாங்கள் செய்த புண்ணியந்தான் எங்களைக் காப்பாற்றியது என்றனர் வேறு சிலர். இரண்டாவது பேச்சு நன்றிபோற் தோன்றும். ஆனால் பக்கத்து வளவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதனைக் கேட்டால் அவளுக்கு என்ன விளங்கும்? தன் பிள்ளைக்குப் புண்ணியம் போதவில்லை என்றல்லவா!

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிலாத்து பலியிடும் வேளையிற் கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் கூறியபோது, அவர் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் தாமாகவே நினைவுபடுத்தி, மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று எண்ண வேண்டாம் எனத் தெளிவாக மறுத்தார் (லூக்கா 13:1–5). இறந்தவர்களின் கணக்கைப் பார்ப்பதை நிறுத்தி, உயிரோடிருப்பவர்களை மனந்திரும்ப அழைத்தார். கிருபையை நம்புபவர் உயிர் தப்பியதைத் தகுதிச் சான்றிதழாக ஏந்திக் கொள்ள மாட்டார். அந்நாட்களில் கோவில்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் தஞ்சம் புகுந்தவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சோற்றுப் பார்சலை நீட்டியவர்கள் நீ யார், என்ன நன்மை செய்தாய் என்று கேட்டுக் கொடுக்கவில்லை. தகுதி பாராத தயவு என்பதற்கு இதைவிட அண்மையான உதாரணம் எமக்குத் தேவையில்லை.

பிற சமயங்களைப் பற்றி எழுதும்போது

'ஏனைய சமயங்கள் கிரியையைப் போதிக்கின்றன, கிறிஸ்தவம் மட்டுமே கிருபையைப் போதிக்கின்றது' என்று சில மாணவர்கள் விடை எழுதுவதுண்டு. அவ்வாறு எழுத வேண்டாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்குத் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்திற்கு வரும் அடியாரிடம் கேட்டால் எல்லாம் திருவருள் என்பார். சைவ சித்தாந்தத்தில் அருள் என்பது மையமான கருத்து. முஸ்லிம் அயலவர்கள் எக்காரியத்தையும் இறைவனின் அருளையும் அன்பையும் கூறியே தொடங்குவர். கிறிஸ்தவப் போதனையின் தனித்துவத்தைக் காட்ட விரும்பினால், அக்கிருபை சிலுவையில் அறையுண்டு உயிர்த்த இயேசு கிறிஸ்துவில் வெளிப்பட்டது என்பதை எழுதுங்கள். அது உண்மையும் ஆகும், அயலவரைப் புண்படுத்தவும் மாட்டாது.

அதேபோன்று 'கத்தோலிக்கர் கிரியையினாலும் சீர்திருத்தத் திருச்சபையினர் விசுவாசத்தினாலும் இரட்சிப்பு என்பர்' என்பதும் பழைய பாடம். 16 ஆம் நூற்றாண்டில் இதனாலேயே திருச்சபை பிளவுபட்டது உண்மை. ஆனால் 1999 ஒக்டோபர் 31 இல் ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக ஒன்றியமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டன. எமது தகுதியினாலன்றிக் கிருபையினாலேயே கடவுள் எம்மை ஏற்றுக் கொள்கிறார், அக்கிருபை எம்மை நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகின்றது என்பதை இரு சாராரும் ஒருமித்து அறிக்கையிட்டனர். 2006 யூலையில் தென்கொரியாவின் சியோல் நகரில் உலக மெதடிஸ்த மன்றமும் இதில் இணைந்து கொண்டது. எல்லா வேறுபாடுகளும் தீர்ந்துவிடவில்லை. எனினும் ஒரே ஊரில் கத்தோலிக்க ஆலயத்திற்கும் மெதடிஸ்த ஆலயத்திற்கும் போகும் நண்பர்கள் இந்த அலகை ஒன்றாக இருந்து படிக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கிருபை என்பதை வரையறுத்து, எபேசியர் 2:8–10 இல் கிருபை, விசுவாசம், நற்செயல் என்பன எவ்வரிசையில் அமைந்துள்ளன எனக் காட்டுக.

2. திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையில் முதலில் வந்தவர்களின் முறைப்பாடு யாது? அது நியாயமானதா? உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

3. 1738 மே 24 இற்கு முன்னும் பின்னும் ஜோன் வெஸ்லி ஏறக்குறைய ஒரே நற்செயல்களையே செய்தார். அவ்வாறாயின் வேறுபாடு எதில் உள்ளது?

4. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமின் வாழ்விலிருந்து எடுத்துக் கொள்ளும் சம்பவங்களை ஒப்பிடுக. (விடையெழுத முன் ஆதியாகமம் 15, 17, 22 ஆம் அதிகாரங்களை வாசிக்கவும்.)

5. உங்கள் நண்பர் ஒருவர் பரீட்சையில் சித்தியடையத் தவறியது தனது பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று உங்களிடம் கூறுகிறார். லூக்கா 13:1–5 ஐ ஆதாரமாகக் கொண்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.